வாட்ச்மேன் லீவு எடுத்த நாள்

மும்பையில் ஒரு பல்கலைக்கழகத்தில் டிசைன் பாடம் நடத்தும் என் கல்லூரித் தோழி சென்ற ஆண்டு ஜூலை மாதம் போன் செய்தாள். “அறுபது வயதைத் தாண்டிய, கம்ப்யூட்டர் தெரிந்தும் தெரியாததுமான ஓர் ஆள் வேண்டும். உடனே உன் ஞாபகம் வந்தது” என்றாள். நாற்பது வருட நட்பில் இதைவிட மோசமான பாராட்டுகளையும் அவளிடம் வாங்கியிருக்கிறேன் என்பதால் போனேன்.

சின்ன அறை. மேஜை மேல் ஒரு செல்போன். மாணவர்கள் தயாரித்த ஒரு செயலி அதில் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குவதற்கானது. “கண் டாக்டரிடம் வியாழக்கிழமை காலைக்கு நேரம் வாங்குங்கள் ஆன்ட்டி. மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நாங்கள் உதவி செய்ய மாட்டோம்” என்று சொல்லிவிட்டு இரண்டு மாணவர்கள் நோட்டுப் புத்தகத்துடன் எதிரே உட்கார்ந்துகொண்டார்கள். மூன்றாவது திரையில் மாட்டிக்கொண்டேன். எதையோ தொட்டேன், முதல் திரைக்கே வந்து விழுந்தேன். “சாரி” என்றேன். மறுபடி ஆரம்பித்தேன். பன்னிரண்டு நிமிடம் போராடி, கடைசியில் ஒரு குழந்தை மருத்துவரிடம் சனிக்கிழமை மாலைக்கு நேரம் வாங்கினேன்.

வெளியே வந்ததும் தோழி கேட்டாள்: “பதினோரு தடவை சாரி சொன்னாய். யாரிடம் சொன்னாய்?”

பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பையன்களிடமா? போனிடமா? வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அதன் விளைவாக ஜூலையிலிருந்து நவம்பர் வரை புதன்கிழமை பிற்பகல்களில் அவளுடைய வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது என்பதால் படிப்பு இவ்வளவு சுகமானது என்பது இந்த வயதில்தான் தெரிந்தது.

பாடத்தின் பெயர் ஹியூமன் கம்ப்யூட்டர் இன்டராக்‌ஷன். தமிழில் மனித - கணினி ஊடாட்டம் என்கிறார்கள். பெயர்தான் பயமுறுத்துகிறது. மெஷினைச் செய்கிறவர்கள் ஒரு பக்கம், அதன் முன்னால் நின்று திருதிருவென்று விழிக்கிறவர்கள் மறுபக்கம். நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பற்றிய படிப்பு இது.

முதல் வகுப்பில் கம்ப்யூட்டரே வரவில்லை. ஆகாய விமானம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 ரக குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொண்டு வயிற்றைத் தேய்த்து நின்றன. விசாரணையில் ‘விமானியின் பிழை’ என்று எழுதினார்கள். ஆல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானி அறையில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். இறக்கையின் மடிப்பை இயக்கும் விசையும் சக்கரத்தை இயக்கும் விசையும் அருகருகே, பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தன. போர்முனையிலிருந்து களைத்துத் திரும்புகிறவன் கை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தொடாமல் என்ன செய்யும்? சபானிஸ் ஒரு விசையின் நுனியில் சிறிய ரப்பர் சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினார். கண்ணால் பார்க்காமலே கைக்கு வித்தியாசம் தெரிந்தது. பிழை நின்றது. இன்றைக்கும் பயணிகள் விமானங்களில் சக்கரத்தை இயக்கும் பிடி சின்னச் சக்கரம் போலவே இருக்கிறது.

அடுத்த வாரம் த்ரீ மைல் ஐலண்ட். 1979 மார்ச் 28 அதிகாலை, பென்சில்வேனியாவில் இருந்த அந்த அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டது. குளிர்விக்கும் நீர் அதன் வழியாக வெளியேறிக்கொண்டே இருந்தது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கான விளக்கு அணைந்திருந்தது. விளக்கு அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்று அர்த்தம் என ஊழியர்கள் நம்பினார்கள். உண்மையில் அந்த விளக்கு சொன்னது வேறு: ‘மூடு என்று உத்தரவு போய்விட்டது.’ வால்வு உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததா என்று அதற்குத் தெரியாது. நூற்றுக்கும் மேற்பட்ட அபாய ஒலிகள் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டிருக்க, இரண்டு மணி நேரத்திற்கும் மேல் யாருக்கும் புரியவில்லை. அணு உலையின் மையம் பாதி உருகியது. ஊழியர்கள் ஏன் இப்படித் தவறு செய்தார்கள் என்று ஆராயப் போனவர்களில் டொனால்ட் நார்மன் ஒருவர். தவறு ஊழியர்களுடையது அல்ல, அந்த அறையை அமைத்த விதத்தினுடையது என்ற முடிவோடு திரும்பினார். அன்றாடப் பொருள்கள் நம்மை எப்படி முட்டாளாக்குகின்றன என்று அவர் 1988-ல் எழுதிய புத்தகம்தான் இந்தப் படிப்பில் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது. அதில் கதவைப் பற்றி நிறையச் சொல்கிறார். இழுக்கத் தூண்டும் கைப்பிடியை வைத்துவிட்டு, பக்கத்தில் ‘தள்ளு’ என்று எழுதி ஒட்டும் கதவுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு கதவுக்கே உபயோகக் குறிப்பு தேவைப்பட்டால் கோளாறு கதவில்தான்.

எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. விண்டோஸ் 95 வந்த புதிதில், ஏதாவது சிக்கிக்கொண்டால் ‘இந்த புரோகிராம் சட்டவிரோதமான செயல் ஒன்றைச் செய்துவிட்டது, மூடப்படும்’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வரும். நான் அப்போது வேலை பார்த்த ஆபீசில் ஒரு டைப்பிஸ்ட் அம்மாள் அதைப் படித்துவிட்டு, போலீஸ் வருமா என்று மெல்லிய குரலில் என்னிடம் விசாரித்தார். சிரித்தோம். அவர் சேர்ந்து சிரிக்கவில்லை என்பது இத்தனை வருடம் கழித்து வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது.

செப்டம்பரில் களப்பணி. இரண்டிரண்டு பேராகப் பிரிந்து பொது இடத்தில் ஒரு மெஷினை எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாள், நாளைக்கு இரண்டு மணி நேரம், அதன் முன்னால் வருகிறவர்களைப் பார்க்க வேண்டும். பேசக்கூடாது, உதவக்கூடாது. தயாரித்தவன் எதிரே நின்று விளக்கம் சொன்னால் எந்த மெஷினும் நல்ல மெஷின்தான் என்பது தோழியின் கட்சி. நாக்பூர்ப் பையன் ஒருவனும் கொச்சிப் பெண் ஒருத்தியும் எங்கள் செம்பூர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொள்ளும் மெஷின் இருந்தது. அம்மாவின் குடும்பப் பென்ஷன் அந்தக் கிளையில்தான் வருகிறது. எனக்கு மேனேஜரைத் தெரியும் என்பதால் நானும் அந்தக் குழுவில் மூன்றாவது ஆளானேன்.

மெஷினின் வேலை சுலபமானதுதான். பாஸ்புக்கில் ஒட்டியிருக்கும் பார்கோடை அது படிக்க வேண்டும். எந்தப் பக்கத்தில் அச்சிட வேண்டுமோ அந்தப் பக்கத்தைத் திறந்து, சரியான திசையில் வாய்க்குள் செருக வேண்டும். பக்கம் நிரம்பினால் அடுத்த பக்கத்தைத் திருப்பி மறுபடி வைக்க வேண்டும். இதில் எது தவறினாலும் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும், சில விநாடிகளில் மறையும், பாஸ்புக் வெளியே வரும். அவ்வளவுதான்.

முதல் நாள் பிரமாதமாக நடந்தது. வந்த எல்லோருக்கும் என்ட்ரி விழுந்தது. எப்படி என்றால், ஒருவரும் மெஷினைத் தொடவில்லை. வாசலில் நின்ற வாட்ச்மேன் கையில் பாஸ்புக்கைக் கொடுத்தார்கள். அவர் கட்டைவிரலால் ஒரு புரட்டுப் புரட்டி, பக்கத்தைக் கண்டுபிடித்து, செருகி, எடுத்துக் கொடுத்தார். ஜோன்பூர்க்காரர். நாளெல்லாம் இதே வேலை. துப்பாக்கியைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்.

இரண்டாம் நாள் அவர் லீவு.

அன்று வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் என்ட்ரி போடாமலே திரும்பினார்கள். படிக்காதவர்கள் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஐ.டி. கம்பெனிப் பெண் மூன்று முறை முயன்றுவிட்டுப் போனாள். மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் பாஸ்புக்கைச் சட்டையில் துடைத்தார், வாயால் ஊதினார், மறுபடி செருகினார். வீட்டு வேலை செய்யும் பெண் ஒருவர், மெஷின் பாஸ்புக்கைத் திருப்பித் துப்பியதும் முதலில் செய்த காரியம் பின்னால் திரும்பிப் பார்த்தது. தன்னை யாராவது பார்க்கிறார்களா என்று. பிறகு பாஸ்புக்கை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார். இந்த இரண்டு மணி நேரத்தில் ஒருவர்கூட கவுன்டருக்குப் போய், உங்கள் மெஷின் சரியில்லை என்று சொல்லவில்லை. இதே ஜனங்கள்தான் காய்கறிக் கடையில் தராசு கால் அங்குலம் சாய்ந்தால் விட மாட்டார்கள்.

பேசாமல் பார்ப்பதைப் போலக் கஷ்டமான காரியம் கிடையாது. நான் தோற்றேன். எழுபத்தைந்து வயதிருக்கும் ஒரு மராத்திப் பாட்டி பாஸ்புக்கைத் தலைகீழாகச் செருகப் போனபோது எழுந்து போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாக்பூர்ப் பையன் நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, “டேட்டா போச்சு ஆன்ட்டி” என்றான்.

மெஷினைச் சுற்றி ஏழு காகிதங்கள் ஒட்டியிருந்தன. மராத்தியில், ஹிந்தியில், ஆங்கிலத்தில். பக்கத்தைத் திறந்து வைக்கவும். பலமாகத் தள்ளாதீர்கள். பார்கோடு இல்லாவிட்டால் கவுன்டர் 4. ஒன்றில் அம்புக்குறி போட்டு, அது தப்பான திசை என்று அடித்து வேறொரு அம்புக்குறி போட்டிருந்தது. கொச்சிப் பெண் அத்தனையையும் படமெடுத்து வகுப்பில் காட்டினாள். தோழி சொன்னாள்: “மெஷின் வந்த அன்று இதில் ஒன்றுகூட இருந்திருக்காது. ஒவ்வொரு காகிதமும் யாரோ ஒரு கிளார்க் பொறுமையிழந்த நாள். இவற்றை எடுத்துக்கொண்டு மெஷின் செய்த கம்பெனிக்குப் போங்கள். மாற்ற வேண்டியவற்றின் பட்டியல் தயாராக இருக்கிறது.”

இந்த இடத்தில் படிப்போடு எனக்கு ஒரு சண்டை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடத்தின் புத்தகங்களில் ‘யூஸர்’ என்ற ஒருவர் வருகிறார். அவர் எப்போதும் தனியாள். அவர் முன்னால் ஒரு திரை. அவர் தேடுகிறார், தொடுகிறார், தவறுகிறார். நம் ஊரில் இந்தத் தனியாளை எங்கே போய்த் தேடுவது? தாத்தாவின் ரயில் டிக்கெட்டைப் பேத்தி எடுக்கிறாள். கணவனின் போனில் வரும் ஓ.டி.பி.யை மனைவி படித்துச் சொல்கிறாள். பாஸ்புக்கை வாட்ச்மேன் செருகுகிறார். ஒரு போன், நாலு பேர், ஆறு கை. பெங்களூரின் குடிசைப் பகுதிகளில் நடந்த ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. இப்படி இன்னொருவர் வழியாக மெஷினை உபயோகிப்பதுதான் அங்கே சாதாரண வழக்கம் என்று அது சொன்னது. தோழி அதையும் பாடமாக வைத்திருந்தாள், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு வாரம். மற்ற வாரமெல்லாம் அந்தத் தனியாள்தான். வாட்ச்மேனைக் கணக்கில் எடுக்காமல் மெஷின் செய்தால் அவர் இல்லாத நாளில் இப்படித்தான் ஆகும். அவர் மெஷினின் ஓர் உதிரி பாகம். சம்பளப் பட்டியலில் மட்டும் வேறு பெயரில் இருக்கிறார்.

அவள் இதற்குப் பதிலாக ஒரு வகுப்பே எடுத்தாள். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பற்றி. அந்தப் பருவத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த வகுப்பு அது. (இயந்திரத்தை நம்பலாமா கூடாதா என்ற அரசியல் சண்டைக்குள் நான் போகவில்லை. பேச்சு பொத்தானைப் பற்றியது.)

கதை 1951-52 முதல் பொதுத்தேர்தலில் ஆரம்பிக்கிறது. 1951 கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிவு பெற்றவர்கள் 18 சதவீதம். பெயரைப் படித்து முத்திரை குத்து என்று சொன்னால் நடக்காது. ஆகவே ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். வாக்காளர் செய்ய வேண்டியது, கையிலுள்ள சீட்டைத் தனக்குப் பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் போடுவது. எழுத வேண்டாம், படிக்க வேண்டாம். மாட்டையும் விளக்கையும் மரத்தையும் பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும். கம்ப்யூட்டர் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே இந்தப் படிப்பின் மிகப் பெரிய பரிசோதனையை, சுகுமார் சென் தலைமையில் இருந்த தேர்தல் ஆணையம் நடத்தி முடித்துவிட்டது.

முப்பது வருடம் கழித்து, 1982 மே மாதம், கேரளத்தில் பரவூர் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக இயந்திரம் வந்தது. சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலைச் செல்லாததாக்கியது. 1989-ல் சட்டம் திருந்தியது. 2004-ல் நாடு முழுவதும் மக்களவைத் தேர்தல் இயந்திரத்தில் நடந்தது. பெல் நிறுவனமும் இ.சி.ஐ.எல். நிறுவனமும் தயாரிக்கும் இந்தப் பெட்டியின் வடிவமைப்பில், மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்து ஆசிரியர்களின் கை இருக்கிறது. அதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு நிமிர்வு தெரிந்தது.

வாக்காளரின் பக்கம் இருக்கும் பெட்டியைக் கவனியுங்கள். வரிசையாக 16 இடம். ஒவ்வொன்றிலும் பெயர், சின்னம், ஒரு சிவப்பு விளக்கு, ஒரு நீலப் பொத்தான். பொத்தானை அழுத்தினால் அதே வரியில் விளக்கு எரியும், நீளமாக ‘பீப்’ என்று சத்தம் வரும். மெனு கிடையாது, ‘பின்னால் போ’ கிடையாது, ‘உறுதியாகவா?’ என்ற கேள்வி கிடையாது. கண் தெரியாதவருக்குத் தடவிப் பார்க்க பிரெய்ல் எழுத்து. கேபிளின் மறுமுனையில் உள்ள பெட்டி தேர்தல் அலுவலரிடம். அவர் தன் பொத்தானை அழுத்தினால்தான் ஒரு ஓட்டுக்கு மெஷின் திறக்கும், போட்டதும் பூட்டிக்கொள்ளும். மின்சாரம் இல்லாத ஊரிலும் பேட்டரியில் ஓடும். ‘நான் போட்டது போட்டவருக்குத்தான் போயிற்றா?’ என்ற சந்தேகம் எழுந்தபோது ஒப்புகைச் சீட்டு வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி காட்டிவிட்டுப் பெட்டிக்குள் விழும். 2024-ல் 64 கோடிப் பேர் இதன் முன்னால் நின்றார்கள். யாரும் பயிற்சி வகுப்புக்குப் போகவில்லை.

“உன் வாட்ச்மேன் எங்கே என்று கேட்டாயே, இதோ இருக்கிறார்” என்று அலுவலர் கையிலுள்ள பெட்டியைக் காட்டினாள் தோழி. மனிதரை வெளியே தள்ளவில்லை. அவருக்கென்று ஒரு பொத்தானைக் கொடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்கள். நான் மறுபேச்சுப் பேசவில்லை.

அக்டோபர் மாத வகுப்பு ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததற்குக் காரணம் அது நன்றாக இருந்தது. மனிதன் எங்கே தவறுவான் என்று தெரிந்தவனுக்கு, அவனை அங்கேயே தவற வைக்கவும் தெரியும். 2007-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பி.ஜே. ஃபாக் என்ற ஆய்வாளர் நடத்திய வகுப்பில், மாணவர்கள் ஃபேஸ்புக்கில் ஓடும் சின்னச் சின்னச் செயலிகளைச் செய்தார்கள். பத்தே வாரத்தில் அவற்றை உபயோகித்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். மனத்தை இழுக்கும் கலையைப் பாடமாகவே கற்றுக்கொடுக்க முடியும் என்று அது காட்டியது. 2010-ல் ஹாரி பிரிக்னல் என்பவர் இதன் இருட்டுப் பக்கத்துக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர் வைத்தார். நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இவற்றில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. கேட்காமலே கூடையில் ஒரு ரூபாய் நன்கொடையைச் சேர்ப்பது. இன்னும் இரண்டுதான் பாக்கி என்று பொய்யாக அவசரப்படுத்துவது. சேருவதற்கு ஒரு பொத்தான், விலகுவதற்கு ஒன்பது பக்கம். இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்று சொல்ல, ‘பாதுகாப்பில்லாமல் பயணம் செய்கிறேன்’ என்ற வாசகத்தின் மேல் விரலை வைக்கச் சொல்லி வெட்கப்படுத்துவது.

மாணவர்கள் தங்கள் போன்களிலிருந்தே உதாரணங்களை எடுத்துக் காட்டிச் சிரித்தார்கள். அப்போது நாக்பூர்ப் பையன் எழுந்து, “மேடம், சிரிக்கிறோம். இவற்றை யார் செய்கிறார்கள்? எங்களுக்கு முன்னால் இதே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். டிசம்பரில் எங்களை எடுக்க வரும் கம்பெனிகளில் நான்கு இந்தப் பட்டியலில் இருக்கிறது” என்றான். அவனுக்குக் கல்விக் கடன் இருக்கிறது. அப்பா நாக்பூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். வகுப்பு அமைதியாகிவிட்டது. இன்டர்வியூவிலேயே கேட்டுவிடலாம் என்றாள் ஒருத்தி. கேட்டால் வேலை கிடைக்காது என்றான் இன்னொருவன். தோழி இருபது வருட ஆசிரியை. வழக்கமாக அவளிடம் பதில் இருக்கும். அன்று அட்டெண்டென்ஸ் நோட்டை மூடிக்கொண்டு, “எனக்கும் தெரியவில்லை. அடுத்த வாரமும் இதையே பேசலாம்” என்றாள். பேசினார்கள். முடிவு எதுவும் வரவில்லை.

நவம்பர் வந்தது. பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டிய மாதம். அம்மாவுக்கு 84 வயது. டாக்ஸியில் கூட்டிக்கொண்டு போனேன். கிளார்க் நல்ல மனிதர். விரல் ரேகை படிக்கும் சின்னப் பெட்டியை அம்மா பக்கம் நகர்த்தி வைத்தார். வலது கட்டைவிரல். பொருந்தவில்லை. ஆள்காட்டி விரல். பொருந்தவில்லை. துடைத்து, ஈரமாக்கி, மறுபடி துடைத்து, பத்து விரலும் ஆயிற்று. திரையில் ஒவ்வொரு முறையும் அதே ஒற்றை வரி. என்ன குறை என்று சொல்லவில்லை, வேறென்ன செய்யலாம் என்று சொல்லவில்லை. அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, “மாஃப் கரோ பேட்டா” என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, “அறுபது வருஷம் பாத்திரம் தேய்ச்ச கை, ரேகையெல்லாம் போயிடுத்து போலிருக்கு” என்றாள். “ஸாரி மாஜி” என்றார் கிளார்க். இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க, பெட்டியில் மட்டும் பச்சை விளக்கு சாந்தமாக எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் பழைய காகிதப் படிவத்தைத் தேடி எடுத்தார். அம்மா கையெழுத்துப் போட்டாள். உயிரோடு இருப்பது உறுதியாயிற்று.

புதன்கிழமை வகுப்பில் இதைச் சொன்னேன். ரேகைகள் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகாது, எவ்வளவு ஒத்துப்போனால் போதும் என்று ஓர் எல்லைக்கோடு உண்டு என்று தோழி விளக்கினாள். கோட்டை உயர்த்தினால் போலிகள் குறைவார்கள், நிஜமானவர்கள் வாசலில் நிற்பார்கள். தாழ்த்தினால் நேர்மாறு. எங்கேயோ ஓர் அறையில் யாரோ சிலர் அந்தக் கோட்டைப் போடுகிறார்கள். அந்த அறையில் பாத்திரம் தேய்த்த கை இருந்ததா? பென்ஷன்காரர்கள் விரலுக்குப் பதில் போனில் முகத்தைக் காட்டும் வழி 2021-லேயே வந்துவிட்டது என்பதையும் சொன்னாள். கிளார்க்குக்கு அது தெரிந்திருக்கலாம். ஆனால் பத்து விரலும் தோற்ற பிறகும் அந்தத் திரை இதைச் சொல்லவில்லை.

நாக்பூர்ப் பையனும் கொச்சிப் பெண்ணும் தங்கள் கடைசிப் பயிற்சியை அதன் மேலேயே செய்தார்கள். விரல் பொருந்தாவிட்டால் அடுத்து என்ன என்று படிப்படியாகச் சொல்லும் திரைகள். சோதித்துப் பார்க்க ஆள் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார்கள். என்னை அல்ல, நான் வகுப்பில் உட்கார்ந்து கெட்டுப்போய்விட்டேனாம். அம்மாவை.

அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். போனைத் தொடவே தயங்கினாள். “நான் தப்பாப் பண்ணினா?” என்று பையனைக் கேட்டாள். நான் ஹிந்தியில் சொன்னேன்.

“நீங்க தப்பாப் பண்ணினா எனக்குத்தான் மார்க் குறையும் ஆஜி. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

அம்மா அதை இன்னொரு முறை மொழிபெயர்க்கச் சொன்னாள். பிறகு உள்ளே போய் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். எழுத்து சின்னது. இந்தப் பச்சையும் அந்தப் பச்சையும் ஒன்றுபோல இருக்கிறது. இவ்வளவு சீக்கிரம் ஏன் மாறுகிறது, படிக்க வேண்டாமா? இந்தப் படத்தில் இருப்பது யார், எதற்குச் சிரிக்கிறாள்? முக்கால் மணி நேரம். கொச்சிப் பெண் மூன்று பக்கம் எழுதினாள். அம்மா ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு தட்டை எடுத்து வைக்கும்போது கேட்டாள்: “அந்தப் பையன் அடுத்த வாரம் வருவானா? இன்னும் ரெண்டு ஞாபகம் வந்தது.”